கிழக்கே போதும், மேற்கே ஒரு கிளை

தந்தி நகரில் பூங்காவுக்கென்று ஒதுக்கி, இருபத்தாறு வருடமாகப் பூங்கா ஆகாமலேயே கிடந்த மனையில், சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று நின்றது. அதன் நுனியில் சுண்ணாம்பு வெள்ளையில் ஒரே ஓர் இலை இருந்தது. முதலில் பார்த்தவர் ராஜபுஷ்பம். முப்பத்தைந்து வருடம் தபால் இலாகாவில் இருந்து, போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்று, இப்போது நகர் நலச் சங்கத்துக்குத் தலைவியாக இருப்பவர். காலை நடைக்கு வந்தவர் கன்றின் முன்னால் நின்று, "வந்ததுதான் வந்த, ஒரு முருங்கையா வந்திருக்கப்படாதா?" என்றார். சொல்லி வாய் மூடவில்லை. அந்த வெள்ளை இலை நீண்டு, தடித்து, முருங்கைக் கிளையாகி, பூவும் பிஞ்சுமாக நாலு காய் தொங்க, அதன் இரு பக்கத்திலும், கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக, இரண்டு வெள்ளை இலைகள் விரிந்தன. ராஜபுஷ்பம் நாலு காயையும் பறித்துக்கொண்டு போய் சாம்பார் வைத்தார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்.

மத்தியானத்துக்குள் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. ஒருவர் வந்து மாங்கிளை கேட்டார், வந்தது. ஒருவர் பிச்சிப்பூ கேட்டார், வந்தது. சலவைத்துணி காயப்போட நீட்டமாக ஒரு கிளை வேண்டும் என்றார் ஒருவர், ஈரப் புடவை நாலு தாங்கும்படி கம்பு மாதிரி நேராக ஒரு கிளை வந்தது. காக்கா இல்லாத கிளை வேண்டும் என்றவருக்கும் கிளை வந்தது, ஆனால் காக்காய்களுக்கு அந்த விவரம் தெரியாததால் அவை வந்து உட்கார்ந்தன. மரத்தின் வழக்கம் இரண்டு நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. வெள்ளை இலைக்குத்தான் காது உண்டு, பச்சை இலைக்குக் கிடையாது. வெள்ளை இலையிடம் கேட்டால் கேட்டது வரும், வந்த கிளை தன் பக்கமாக இன்னும் இரண்டு வெள்ளை இலை விடும். 'போதும்' என்று சொன்னால் அந்த இலை பச்சையாகி, மற்ற இலைகளைப் போல் சும்மா இருந்துவிடும். இதைச் சொல்லிப் பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் வெகுநாள் வரை இது வதந்தியாகவே இருந்தது.

ராஜபுஷ்பம் இரண்டாம் வாரம் டோக்கன் கொண்டுவந்தார். நகரின் நடுவே போகும் சாலைக்குக் கிழக்கே நூற்று ஆறு வீடு, மேற்கே நூற்று ஆறு வீடு; ஒரு கிழக்கு வீடு கேட்டால் அடுத்து ஒரு மேற்கு வீடு கேட்க வேண்டும், யாரும் முந்தக் கூடாது, பிந்தினாலும் அடுத்த நாள்தான். தபாலில் முத்திரை குத்திய கை என்பதால் டோக்கன்கள் ஒன்றுகூடக் கோணலாக இல்லை. தலைவி என்ற முறையில் தன்னைக் கடைசியில் வைத்துக்கொண்டார். கடைசியில் என்ன கேட்பார் என்பது ரகசியமில்லை. தாழம்பூ. பீரோவில் புடவைகளுக்கு நடுவே ஒரு மடல் வைத்தால் போதும், வருடம் முழுக்க வாசம் இருக்கும் என்று வரிசையில் நின்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

இப்படியாக ஒரு மாதத்தில் மரம் மூன்று மாடி உயரம் ஆயிற்று. டவுன் பஸ் கண்டக்டர்கள் "மரம் ஸ்டாப், மரம் ஸ்டாப்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் 'மரத்திலிருந்து மூன்றாவது வீடு' என்று விலாசம் அச்சானது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க ஊர்லயும் காலி மனை கெடக்கு, ஒண்ணும் வரமாட்டேங்குது" என்று வருத்தப்பட்டுப் போனார்கள்.

மரத்தைப் பார்த்து வெட்கப்பட்டவள் ஒருத்தி மட்டும் இருந்தாள். பிரம்மசக்தி. கிழக்குப் பக்கம் மூன்றாம் தெருவில் குடியிருந்தாள், பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் விரிவுரையாளர். பதினோரு வருடமாக அவள் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பட்ட ஆய்வேடு மர இலக்கணத்தைப் பற்றியது. தாளில் ஓர் எழுத்தை எழுது. இது இன்னும் முடியாத எழுத்து என்று வைத்துக்கொள். ஒரு விதியைச் சொல்லி அந்த எழுத்தை அழித்து, அந்த இடத்தில் ஒரு சின்ன மரத்தை எழுது. அந்தச் சின்ன மரத்தின் நுனியிலும் முடியாத எழுத்துகள் இருக்கும், அவற்றையும் அழித்து எழுது. முடியாத எழுத்து ஒன்றும் மிஞ்சாதபோது மரம் முடிந்தது. இவ்வளவுதான் மர இலக்கணம். இவ்வளவையும் அவள் வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டினாள், வேர் மேலேயும் இலை கீழேயுமாக, ஏனென்றால் அவள் படிப்பில் மரங்கள் அப்படித்தான் வளரும். இப்போது அதே படம் நேராக நிமிர்ந்து, வேரைக் கீழே வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றபோது, தன் டைரியை யாரோ மைக்கில் வாசிப்பது போல அவளுக்கு இருந்தது. அவள் டோக்கன் வாங்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, யார் எந்த இலையில் என்ன கேட்டார்கள் என்று தினமும் நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கடைசி அத்தியாயத்தை நாலு தடவை திருப்பி அனுப்பியிருந்தார். நாலு தடவையும் ஓரத்தில் ஒரே வரி: 'எடுத்துக்காட்டு போதாது.' ஆனி மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

வைகாசி பாதியில் மரம் சாய ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கேட்ட எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் மேற்கே சின்ன வீடுகள், அவர்கள் கறிவேப்பிலையும் பிச்சிப்பூவும் அகத்தியும் கேட்டிருந்தார்கள். கிழக்கே மாடி வீடுகள், பலாவும் புளியும் ஒட்டு மாங்காயும் கேட்டிருந்தார்கள். காய் பெருக்கப் பெருக்க மரம் தினம் ஒரு விரற்கடை கிழக்கே இறங்கியது. மின்கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் பலாக்கிளை நின்றது. அதற்குக் கீழே மீராள் பீவியின் ஓட்டு வீடு இருந்தது. வாசலில் இடியாப்பக் கடை நடத்துபவள். உதிர்ந்த இலையைப் பெருக்கிப் பெருக்கி அவள் கைதான் ஓய்ந்ததே தவிர, மரத்திடம் அவள் ஒன்றும் கேட்டதில்லை. உள்ளே அவள் மகள் ஒன்பது நாள் பிள்ளையோடு படுத்திருந்தாள்.

மின்வாரியப் பொறியாளர் வந்து பார்த்தார். கம்பிக்கும் கிளைக்கும் நாலடி இடைவெளி இருக்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மரத்தை அடியோடு அறுத்து எடுக்க உத்தரவு எழுதினார். உத்தரவு லைன்மேன் வள்ளிநாயகத்தின் கைக்கு வந்தது. வள்ளிநாயகம் பிரம்மசக்தியின் கணவன்.

மறுநாள் வியாழக்கிழமை. காலைச் சாப்பாட்டில் அவன் தோசையைப் பிய்த்தான், ஆனால் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"ஏட்டி சக்தி, திங்கக்கெழம அந்த மரத்த நாந்தான் அறுக்கணுமாம்."

"அறுக்காதீங்க."

"உத்தரவு, ட்டி. அறுக்கலேன்னா அது மீராளக்கா வீட்டு மேல விழும். பச்சப்புள்ள கெடக்கு உள்ள."

"அந்த மரத்தோட இலக்கணம் சரியாத்தான் இருக்கு. கட்டுப்பாடுதான் இல்ல," என்றாள் பிரம்மசக்தி.

"வேலி போடச் சொல்லுதியா?"

"வேலி இல்ல. கிழக்க இருக்கிற இலைக்கு மேற்க என்ன நடக்குதுன்னு தெரியல. அது அதுபாட்டுக்கு வளருது. ரெண்டு விதிய ஒண்ணாக் கட்டணும். கட்டினா, ஓடினா ரெண்டும் ஓடும், இல்லாட்டி ரெண்டும் ஓடாது."

வள்ளிநாயகம் யோசித்தான். "த்ரீ பேஸ் மோட்டார் மாதிரியா? ஒரு பேஸ் வரலேன்னா மொத்தமும் நின்னுரும்லா?"

பிரம்மசக்தி தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். பதினோரு வருடத்தில் அவள் ஆராய்ச்சியைப் பற்றி அவன் கேட்டதெல்லாம் 'எப்ப முடியும்' என்பது மட்டும்தான். அவளும் அதற்கு மேல் சொன்னதில்லை. இப்போது அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே அவளுடைய ஆறாம் அத்தியாயத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

"அதேதான்," என்றாள். "இன்னொரு தோச வைக்கட்டுமா?"

வெள்ளிக்கிழமை விடியற்காலை, பால்காரர்கள் மட்டும் நடமாடும் நேரத்தில், இருவரும் மரத்தடிக்குப் போனார்கள். கிழக்கே ஒரு வெள்ளை இலைக்குக் கீழே அவள் நின்றாள், மேற்கே ஒரு வெள்ளை இலைக்குக் கீழே அவனை நிறுத்தினாள்.

"நான் போதும்னு சொல்வேன். அதே மூச்சுல நீங்க ஒரு கிளை கேக்கணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது."

"என்னத்தக் கேக்க?"

"எதையாவது கேளுங்க. கனமா இருக்கட்டும்."

அவள் கையை உயர்த்தி இறக்கினாள். "போதும்" என்று அவள் சொன்ன அதே நொடியில், பதற்றத்தில் வேறு எதுவும் வாயில் வராமல், "பனங்கிழங்கு!" என்று கத்தினான் வள்ளிநாயகம். கிழக்கே இலை பச்சையானது. மேற்கே, மண்ணுக்குள் விளைய வேண்டிய பனங்கிழங்குகள் கட்டுக் கட்டாகத் தொங்க ஒரு கிளை புறப்பட்டது. அதன் நுனியில் வெள்ளை இலை ஒன்றும் வரவில்லை. அடிமரம் ஒரு முறை முனகியது. வள்ளிநாயகம் ஓடிப்போய்க் கம்பிக்கடியில் அளவுகோலை நிறுத்திப் பார்த்தான். ஒரு சாணாக இருந்த இடைவெளி ஒரு சாணும் அரை விரலும் ஆகியிருந்தது.

"நிமிருதுட்டி!" என்றான். பிறகு, அவள் கல்லூரி விரிவுரையாளர் என்பதையும் தெருவில் நிற்கிறோம் என்பதையும் மறந்து, அவள் இரண்டு கையையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

அன்றைக்கு டோக்கன்படி முதலில் வந்தவர் ஞானசிகாமணி. சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர், குரல் கணீரென்று இருக்கும். கொடுக்காப்புளி என்று மூன்று ஸ்தாயியில் கேட்டுப் பார்த்தார். மரம் அசையவில்லை. ஒரு தடவை கட்டிய பிறகு அது தனிக்குரலுக்குக் காது கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மாலை சங்கம் கூடியது. பிரம்மசக்தி எழுந்து விஷயத்தைச் சொன்னாள். சாக்பீஸ் இல்லாமல் பேசிப் பழக்கம் இல்லாததால் கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். கிழக்கே நூற்று ஏழு வெள்ளை இலை, மேற்கேயும் நூற்று ஏழு. ஒரு கிழக்கு வீடு போதும் என்று சொன்னால்தான் ஒரு மேற்கு வீட்டுக்குக் கிளை வரும். அப்படி ஒவ்வொன்றாக மேற்கே எடை ஏறினால் மரம் நிமிரும்.

கிழக்குப் பக்கத்தில் சத்தம் எழுந்தது. "எங்க இலைய நாங்க ஏன் விடணும்? ரெண்டாவது சுத்துல சப்போட்டா கேக்கணும்னு வச்சிருக்கோம்" என்றார் ஒருவர். "அவங்களுக்குக் கிளை வர நாங்க போதும்னு சொல்லணுமா?" என்றார் இன்னொருவர். மேற்குப் பக்கம் பதில் சொல்லத் தொடங்கியதில் நாற்காலிகள் நகர்ந்தன.

அப்போது மீராள் பீவி எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"மரம் வந்து இத்தன நாளாச்சு. நான் அதுகிட்ட ஒண்ணும் கேக்கல. இப்பவும் அதுகிட்டக் கேக்கல, உங்ககிட்டதான் கேக்குதேன். எம்மவளுக்கு நாப்பது நாள் கழியல, புள்ளயத் தூக்கிட்டு எங்கயும் போக முடியாது. மரமும் போவேணாம், வீடும் போவேணாம். டீச்சர் சொல்லுத மாதிரி செஞ்சு பாப்பமே."

ராஜபுஷ்பம் தன் பையிலிருந்து பேரேட்டை எடுத்தார். கிழக்கு வீட்டு எண்களை ஒரு பக்கமும் மேற்கு வீட்டு எண்களை எதிர்ப்பக்கமும் எழுதி, தபாலைப் பிரிப்பதுபோல் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று சேர்க்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே கை நின்றது. கிழக்கு ஒன்று அவர் வீடு. மேற்கு ஒன்று வண்டிமலையான் வீடு.

வண்டிமலையான் எட்டு மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். அவர் தொழுவத்துத் தண்ணீர் மழையில் சாலையைத் தாண்டி ராஜபுஷ்பம் வீட்டு வாசலுக்கு வந்தது என்று ராஜபுஷ்பம் நகராட்சிக்கு மனு போட்டு, அதிகாரி வந்து, தொழுவத்தை இரண்டடி பின்னால் இடித்துக் கட்டியதிலிருந்து ஒன்பது வருடமாக இருவரும் பேசுவதில்லை. எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், ஒருவர் செருப்பைப் பார்ப்பார். வரியை மாற்றி எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பிரித்த தபாலைக் கலைக்கும் பழக்கம் ராஜபுஷ்பத்துக்கு இல்லை. "ஒண்ணுக்கு ஒண்ணு" என்று உரக்க வாசித்தார். கூட்டம் வண்டிமலையானைப் பார்த்தது. அவர் செருப்பைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நகர் முழுவதும் மரத்தடியில் இருந்தது. சர்ச் ஆராதனையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஞானசிகாமணி வந்தார், ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, கையில் சின்னக் குச்சியோடு, "நான் கீழ எறக்கும்போது ரெண்டு பேரும் சொல்லணும். மூச்ச முன்னாலயே இழுத்து வச்சுக்கிடுங்க" என்றார். தலைவி கடைசியில் என்ற முறை மாறாததால் நூற்று ஆறாம் எண்ணிலிருந்து தொடங்கினார்கள்.

முதல் ஜோடி முந்திப் பிந்திச் சொன்னது. மரம் சும்மா இருந்தது. இரண்டாம் தடவை சிரித்துவிட்டார்கள்; மரம் சும்மா இருந்தது. மூன்றாம் தடவை குச்சி இறங்க, இரண்டு குரலும் ஒன்றாக விழ, கிழக்கே இலை பச்சையாகி மேற்கே ஒரு பலாக்கிளை எழுந்தது. ஆரவாரம் அடங்க நேரம் பிடித்தது. பிறகு வேகம் கூடிவிட்டது. ஒரே தெருவில் பதினைந்து வருடம் இருந்தும் பெயர் தெரியாதவர்கள், எதிர்ப்பக்கத்தில் நின்று தன் குரலோடு யார் குரல் சேர்கிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். திக்குவாய் உள்ள ஒருவருக்காக எதிர்வீட்டுப் பெண் அவர் திக்கும் இடத்தில் தானும் திக்கி, இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேர, அன்றைக்கு வந்ததிலேயே பெரிய விளாங்கிளை அவர்களுக்கு வந்தது. வள்ளிநாயகம் ஒவ்வொரு ஜோடிக்கும் கம்பியடியில் அளவுகோலைப் பிடித்து, "ஒன்றரை அடி!" "ரெண்டடி!" என்று ஏலம் விடுவதுபோல் கூவிக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு மீராள் பீவியின் வீட்டு முற்றத்தில் ஒரு மாதமாக விழாத வெயில் விழுந்தது. அவள் மகள் பிள்ளையைத் தூக்கி வந்து அந்த வெயிலில் காட்டினாள். பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு தும்மியது.

மூன்றடியில் மரம் நின்றுவிட்டது. மேற்கே பல பேர் இன்னமும் பிச்சியும் கறிவேப்பிலையுமே கேட்டார்கள். அவர்களுக்குத் தேவை அதுதான். எடை ஏறவில்லை. கிழக்கே முணுமுணுப்பு தொடங்கியது. தன் முறை வரும்போது போதும் சொல்லமாட்டேன் என்று ஒருவர் வீட்டுக்கே போய்விட்டார்.

"முறைய மாத்துவோம். ஒண்ணாம் நம்பர் வரட்டும்," என்றார் ஞானசிகாமணி, எதற்கென்று அவருக்கே தெரியாமல்.

ராஜபுஷ்பம் கிழக்கே போய் நின்றார். எல்லோருக்கும் அவர் எதை விடுகிறார் என்பது தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூச்சை இழுத்தார். மேற்கே வண்டிமலையான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவர் செருப்பைப் பார்க்காமல் எதிரே பார்த்தார். பார்க்காவிட்டால் மூச்சு சேராது. குச்சி இறங்கியது.

"போதும்."

"தாழம்பூ!"

இரண்டும் ஒரே நொடியில் விழுந்ததால் யார் எதைச் சொன்னார்கள் என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. மரத்துக்குப் பிடிபட்டது. மேற்கே ஒரு தாழைக்கிளை, ஆள் உயரத்து மடல்களோடு, முள்ளும் வாசமுமாக விரிந்தது. அந்த வாசம் சாலையைத் தாண்டி மாடி வீடுகளின் மொட்டைமாடி வரை போனது. வண்டிமலையான் கையில் முள் குத்தக் குத்த ஒரு மடலை முறித்து எடுத்துக்கொண்டு, சாலையைக் கடந்து வந்து, ராஜபுஷ்பத்திடம் நீட்டினார்.

"மாட்டுக்கு ஏதாவது கேட்டிருக்கலாம்லா," என்றார் ராஜபுஷ்பம். மடலை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டார்.

"மாடு தாழம்பூ திங்காது, தாயி. நீங்க பீரோல வைங்க."

அதற்கப்புறம் நடந்ததை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அடுத்து வந்த மேற்கு வீட்டுக்காரர், தன் முறை வரும் முன்னாலேயே எதிரே இருந்தவரிடம் சாலைக்குக் குறுக்கே சத்தமாக, "நீங்க என்ன கேக்கணும்னு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். "சப்போட்டா" என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு. குச்சி இறங்க, "போதும்" என்பதும் "சப்போட்டா" என்பதும் சேர்ந்து விழுந்தன. அடுத்தவர் எதிர்வீட்டாருக்காக மாதுளை கேட்டார், அடுத்தவள் எதிர்வீட்டுக்காரியின் மாமியாருக்காக வேப்பங்கிளை கேட்டாள். மாடி வீட்டு ஆசைகள் எல்லாம் மேற்கே போய்க் கனமாகத் தொங்கின. வீட்டுக்குப் போய்விட்டவரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, அவருக்கு வேண்டியது பப்ளிமாஸ் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள்; எதிர்வீட்டுக்காரர் அதையே கேட்க, அவர் போதும் என்றார். "மூணரை!" என்றான் வள்ளிநாயகம். "நாலு! நாலே கால்! ஏட்டி சக்தி, நாலே கால்!" சாயங்காலம் நாலு மணிக்குக் கம்பிக்கும் கிளைக்கும் நடுவே ஐந்தடி இருந்தது. மரம் தூண்போல் நேராக நின்றது.

கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டே வெள்ளை இலைகள் மிச்சம். "இது இருக்கட்டும். யோசிச்சுக் கேப்போம்," என்றார் ராஜபுஷ்பம். எல்லோரும் கை தூக்கினார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்த பொறியாளர் இரண்டு தடவை அளந்தார். பிறகு உத்தரவைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, இத்தனை சப்போட்டாவை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். ஒரு கூடை கொடுத்து அனுப்பினார்கள்.

பிரம்மசக்தி பதினெட்டு நாளில் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தாள். ஓரத்தில் ஒன்றும் எழுதப்படாமல் திரும்பி வந்தது. கார்த்திகையில் வாய்மொழித் தேர்வு. அந்தத் தேர்வுக்குப் பொதுமக்கள் யாரும் வரலாம் என்று அழைப்பிதழில் ஒரு வரி அச்சாகியிருக்கும்; அந்த வரியை நம்பி வெளியாள் யாரும் வந்ததில்லை. தந்தி நகர் நம்பியது. மூன்று பஸ் பிடித்து, நல்ல புடவையும் வேட்டியும் உடுத்தி, இருநூறு பேருக்கு மேல் பல்கலைக்கழகக் கருத்தரங்க அறையில் வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த பேராசிரியர் நப்பின்னை, கண்டிப்புக்குப் பேர்போனவர், எதிரே இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

பிரம்மசக்தி படம் போட்டு விளக்கினாள். நப்பின்னை முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். கடைசியில், "இந்த இரண்டு விதிகளையும் கட்டாமல் விட்டால் என்ன குறைந்துவிடும்? அதைச் சாதாரண மொழியில் சொல்லுங்கள்" என்றார்.

பிரம்மசக்தி பதிலை எடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து வள்ளிநாயகம் எழுந்துவிட்டான். "கம்பில விழுந்துரும், மேடம்."

அறை சிரித்தது. நப்பின்னை சிரிக்கவில்லை. "சரியான பதில். வேறு ஏதாவது குறையுமா?"

ஓரத்து நாற்காலியில் இருந்து வண்டிமலையான் மெதுவாக எழுந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கட்டாம விட்டிருந்தா, எம்பாட்டுக்கு நான் என்னமும் கேட்டிருப்பேன், அந்தம்மா அவங்கபாட்டுக்கு என்னமும் கேட்டிருப்பாங்க. மரம் வளந்திருக்கும், மேடம். நாங்க பேசியிருக்க மாட்டோம்."

நப்பின்னை பேனாவை மூடினார். அவர் எழுந்து பிரம்மசக்தியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துகள், டாக்டர்" என்றபோது பிரம்மசக்திக்கு அது கேட்கவேயில்லை. அதற்கு முன்னாலேயே கை தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நப்பின்னையை அப்படியே அனுப்ப மனம் வராமல், ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லித் தந்தி நகருக்கு அழைத்து வந்தார்கள். மரத்தடியில் இரண்டு பக்கமும் பாய் விரித்துப் பந்தி. மீராள் பீவியின் இடியாப்பம், சர்க்கரை, தேங்காய்ப்பால். கிழக்கே நடுவில் நப்பின்னையை உட்கார வைத்தார்கள். மேற்கே ஞானசிகாமணி மூன்றாம் சுற்று இடியாப்பத்தில் இருந்தார். மிச்சமிருந்த இரண்டு வெள்ளை இலைகளிடம் என்ன கேட்பது என்று சங்கம் ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் கூடிப் பேசிக்கொண்டிருந்த விவரத்தை ராஜபுஷ்பம் விருந்தாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் சந்தனம் என்றார்கள், சிலர் பள்ளிக்கூடத்துக்கு நிழல் என்றார்கள், முடிவாகவில்லை.

மீராள் பீவி எட்டாவது இடியாப்பத்தோடு குனிந்தாள். நப்பின்னை இலையின் மேல் இரண்டு கையையும் மறைத்துக்கொண்டு, "போதும்!" என்றார். அதே நொடியில், அதே மூச்சில், மேற்கே ஞானசிகாமணி தன் கணீர்க் குரலில், "தேங்காப்பால்!" என்றார்.

அடிமரம் முனகியது. எல்லோரும் அண்ணாந்தார்கள். கிழக்கே கடைசி வெள்ளை இலை பச்சையாகிக்கொண்டிருந்தது. மேற்கே ஒரு தென்னங்கீற்று விரிந்து, விரிந்து, அதன் அடியில் இளநீர்க்குலை ஒன்று தொங்கி ஆடியது. ஒரு காய் தானாகக் கண் திறந்து, வெள்ளை வெளேரென்று தேங்காய்ப்பால் நூல் பிடித்ததுபோல் இறங்கி, ஞானசிகாமணியின் இலையில் சரியாக இடியாப்பத்தின் மேல் விழுந்தது. ருசி பார்த்தார். "ஏலக்கா போட்டிருக்கு," என்றார்.

மரத்தில் ஒரு வெள்ளை இலைகூட இல்லை. நப்பின்னை கையால் வாயை மூடிக்கொண்டு ராஜபுஷ்பத்தைப் பார்த்தார். ராஜபுஷ்பம் வண்டிமலையானைப் பார்த்தார். எங்கிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை, ஆனால் இரண்டு பக்கத்துப் பந்தியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிரம்மசக்தி கணவன் தோளில் முகத்தை வைத்து, கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள். மீராள் பீவி எட்டாவது இடியாப்பத்தை நப்பின்னையின் இலையில் வைத்தே விட்டாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தார்கள். இடத்தைத் துடைத்து, அடுத்த பந்திக்கு இலை போட்டார்கள்.